நிச்சயதார்த்த மோதிரம்: வைரமா, வேறு கல்லா? சேலத்தில் முதல்முறை எடுப்பவர்களுக்கு

"அக்கா, நிச்சயத்துக்கு இன்னும் நாப்பத்தஞ்சு நாள்தான் இருக்கு. மோதிரம் வைரத்துலதான் போடணும்ங்கறாங்க அம்மா. அவ பச்சைக் கல்லு போதும்ங்கறா. எந்தக் கடைக்குப் போறதுன்னு சொல்லுக்கா."

சித்தி மகன் போனில் இப்படித்தான் ஆரம்பித்தான். மோதிரம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். உள்ளே கால் வைத்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. ஏசி காற்று, கையில் ஜூஸ், தட்டுக்கு மேலே பளீரென்று விளக்கு, "இந்த டிசைன்ல இது ஒண்ணுதாங்க இருக்கு" என்ற பேச்சு. அதனால் தம்பிக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். கடை ஐந்தாவதாகத்தான் வரும்.

நாங்கள் செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். வெள்ளியின் தரம் எங்களுக்குச் சின்ன வயதிலேயே பிடிபட்டது, கல் பிடிபடவில்லை. அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த மாணிக்க மோதிரம் எட்டே மாதத்தில் மேலே பாலாடை படிந்ததுபோல் மங்கிவிட்டது. பரிசோதனைக்குக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விரிசல் விழுந்த மட்டமான கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருந்தார்கள். அந்தக் கண்ணாடியை எலுமிச்சைச் சாறே அரித்துவிடும். சமைக்கிற வீட்டில் எலுமிச்சம்பழம் பிழியாத கை உண்டா? பில்லில் 'ரூபி' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. கேட்கப் போனால் காட்டுவதற்கு எங்களிடம் வேறொரு வரி எழுத்தில்லை. அக்கா அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் மோதிரக் கடைக்குக் கூடவே போய்க்கொண்டிருக்கிறேன்.

1. முதலில் கையைப் பாருங்கள்

வைரமா வேறு கல்லா என்று கேட்பதற்கு முன்னால், அதைப் போடப்போகிற கை காலை முதல் ராத்திரி வரை என்ன செய்கிறது என்று கேளுங்கள். தாலிக்கொடி கழுத்தில் கிடக்கும், தோடு காதில் இருக்கும். மோதிரம் மட்டும்தான் குழாயிலும் கதவிலும் பாத்திரத்திலும் பைக் ஹேண்டில்பாரிலும் தினமும் இடிபடும்.

கல்லின் கடினத்தை மோஸ் அளவில் 1 முதல் 10 வரை சொல்வார்கள். வைரம் 10. மொய்சனைட் 9.25. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் இரண்டு நிறங்கள், இரண்டும் 9. ஸ்பினலும் டோபாஸும் 8. மரகதமும் அக்வாமரினும் 7.5 முதல் 8 வரை. செவ்வந்திக்கல் 7. கார்னெட் 6.5 முதல் 7.5 வரை. ஓபல் 5.5 முதல் 6.5 வரை. பவளம் 3, 4 என்று நிற்கும். முத்து 2.5 முதல் 4.5 வரை.

இதில் நினைவில் வைக்க வேண்டிய எண் 7. தெருப் புழுதியிலும் வீட்டுத் தூசியிலும் கலந்திருக்கிற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதன் கடினம் 7. அதற்குக் கீழே உள்ள எந்தக் கல்லையும் தினமும் போட்டுத் துணியால் துடைத்தாலே நாள்பட நுண்ணிய கீறல் விழுந்து மெருகு போய்விடும். முத்து, பவளம், ஓபல், சந்திரகாந்தம் எல்லாம் விசேஷத்துக்குப் போட்டுக் கழற்றி வைக்க அழகு. தினசரி மோதிரத்துக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். செவ்வந்திக்கல் சரியாக எல்லையில் நிற்கிறது.

கீறல் விழாது என்றால் உடையாது என்று பொருளில்லை. வைரத்தை வேறொரு வைரத்தால்தான் கீற முடியும், ஆனாலும் எளிதாகப் பிளக்கிற திசையில் ஓங்கி அடிபட்டால் தெறிக்கும். மரகதத்துக்குள் இயற்கையாகவே விரிசல்கள் இருக்கும். அவற்றை மறைக்க எண்ணெய் ஏற்றுவது உலக வழக்கம். அடிக்கடி சோப்பிலும் வெந்நீரிலும் நனைந்தால் அந்த எண்ணெய் வெளியேறி விரிசல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

தம்பிக்குப் பேசியிருக்கிற பெண் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை கை கழுவுவாள், எத்தனை தடவை கையுறை மாற்றுவாள்? அவளுக்குப் பச்சை பிடிக்கும், ஆனால் மரகதம் அவள் வேலைக்குத் தாங்காது. உயரமாகத் தூக்கிக் கட்டிய கல் எதுவுமே கையுறையைக் கிழிக்கும். இளம்பிள்ளைப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் சிக்கல் வேறு மாதிரி. கல்லைப் பிடித்திருக்கிற நகங்கள், கடையில் 'பிராங்' என்பார்கள், பட்டு நூலை இழுத்து அறுக்கும். இப்படிப்பட்ட கைகளுக்குக் கல்லைச் சுற்றிலும் தங்க விளிம்பை மடித்து, விரலோடு ஒட்டித் தாழ்வாகக் கட்டுகிற 'பெசல்' வகைதான் ஏற்றது. கல்லின் ஓரம் அடிபடாமல் அந்த விளிம்பே காத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை மோதிரத்தையும் இதே கணக்கில் பாருங்கள். லேத் பட்டறை, மில், மெஷின் வேலை என்றால் வேலை நேரத்தில் எந்த மோதிரமும் போடக் கூடாது. மெஷினில் மாட்டினால் விரலே போய்விடும்.

2. வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்

நம் ஊரில் கல் என்றால் கூடவே கிரகமும் வரும். வைரம் சுக்கிரனுக்கு, மாணிக்கம் சூரியனுக்கு, மரகதம் புதனுக்கு, நீலம் சனிக்கு. "ஜாதகம் பார்க்காம நீலம் போடக் கூடாது" என்று சொல்லாத வீடு அபூர்வம். வைரமும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு இதில் நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் மாமியார் பயத்தோடு பார்க்கிற ஒரு மோதிரத்தைப் புதுப்பெண் தினமும் விரலில் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. மோதிரம் மாற்றிய மறுவாரம் வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலும் பழி கல்லின் மேல்தான் விழும். எடுப்பதற்கு முன்பே இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் கல்லின் பெயரைச் சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

தம்பி வீட்டில் இது நடந்தது. பச்சை சஃபையர் எடுக்கலாம் என்று நான் சொன்னதும் சித்தி முகம் மாறிவிட்டது. "சஃபையர்னா நீலம்தானேடி?" கனிமம் ஒன்று, நிறம் பச்சை என்று சொல்லி, அவர்களுடைய ஜோசியரிடமே கேட்கச் சொன்னேன். அவர் சரி என்றதும் பேச்சு முடிந்தது. இரண்டு நாள் ஆனது. கடையில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று, சொல்லாமல் கொள்ளாமல் மோதிரம் நீட்ட ஆசைப்படுகிற பையன்களும் என்னிடம் வருகிறார்கள். நல்ல ஆசைதான். அதற்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளி மோதிரம் எடுத்துக்கொண்டு போங்கள். நிஜ மோதிரத்தை அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கலாம். அளவு தப்பாது, கல் பிடிக்காமல் போகாது, அந்த வெள்ளி மோதிரமும் காலத்துக்கும் ஞாபகமாக இருக்கும்.

3. பணத்தைப் பிரித்து எழுதுங்கள்

மொத்தம் இவ்வளவு என்று மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தங்கம், கல், செய்கூலியும் சேதாரமும், அதற்கு மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று தாளில் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாதச் சம்பளத்தில் மோதிரம் வாங்க வேண்டும் என்று இணையத்தில் சுற்றுகிற கணக்கு டி பியர்ஸ் வைர நிறுவனத்தின் விளம்பரத்தால் பரவியது. வைரம் என்றென்றும் நிலைப்பது என்ற பொருளில் அவர்கள் 1947இல் உருவாக்கிய விளம்பர வாசகம்தான் நிச்சயதார்த்தம் என்றாலே வைரம் என்ற எண்ணத்தை உலகம் முழுவதும் வேரூன்ற வைத்தது. நம் பெரியவர்கள் தட்டு மாற்றித்தான் நிச்சயம் செய்தார்கள். ஆகவே எந்தக் கல் எடுத்தாலும் நீங்கள் எந்தச் சாஸ்திரத்தையும் மீறிவிடவில்லை.

தங்கத்தில் 22 கேரட்டா 18 கேரட்டா என்பது அடுத்த சண்டை. 22 கேரட்டில் 91.6 சதவீதம் தங்கம், 18 கேரட்டில் 75 சதவீதம். பெரியவர்கள் 916 இல்லாவிட்டால் தங்கமே இல்லை என்பார்கள். ஆனால் தங்கம் சுத்தமாக ஆக ஆக மிருதுவாகும். மெல்லிய நகங்களால் கல்லைப் பிடிக்கும் மோதிரத்துக்கு 18 கேரட்தான் பிடிமானம். 22 கேரட்தான் வேண்டும் என்றால் கனமான பெசலாகக் கட்டச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை மனதில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் வங்கியில் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கடன் தருவார்கள். வைரமாக இருந்தாலும் அதே கதைதான். கல்லுக்குக் கொடுக்கிற பணம் விருப்பத்துக்காகக் கொடுக்கிற பணம். சேமிப்பு வேண்டும் என்றால் அந்தப் பங்கைத் தனியாகத் தங்கக் காசாக எடுத்து வையுங்கள்.

4. கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

இயற்கை வைரத்தில் ஆரம்பிக்கிறேன். 1 கேரட் என்பது 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு 1 சென்ட். (தங்கத்துக்குச் சொல்கிற கேரட் சுத்தத்தைக் குறிக்கும், கல்லுக்குச் சொல்கிற கேரட் எடையைக் குறிக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.) வட்ட வெட்டில் 30 சென்ட் கல் சுமார் 4.3 மில்லிமீட்டர் அகலம், 50 சென்ட் 5.1, 1 கேரட் 6.5. அதாவது எடை இரண்டு மடங்கானால் அகலம் இரண்டு மடங்காகாது. ஆனால் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், ஏனென்றால் பெரிய கல் அரிது. 50 சென்ட், 1 கேரட் என்ற முழு எண்களில் விலை தாவும். 46, 47 சென்ட்டில் கேட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பையில் தெரியும்.

இதே காரணத்தால் 3 சென்ட் கல் பத்தைக் கூட்டமாக வைத்த மோதிரம், ஒரே 30 சென்ட் கல் வைத்ததைவிட நிறையக் குறைந்த விலைக்கு வரும். "மொத்தம் 30 சென்ட்ங்க" என்று சொன்னால் எத்தனை கல் என்று கேளுங்கள்.

எடை, நிறம், தெளிவு, வெட்டு என்று நான்கு பார்க்கச் சொல்வார்கள். நான் பணத்தை வெட்டில் போடச் சொல்வேன். உள்ளே போன ஒளி திரும்பி மேலே வருவதும், கீழே கசிந்து வீணாவதும் வெட்டின் கோணத்தில் இருக்கிறது. நன்றாக வெட்டிய 30 சென்ட் கல், மோசமாக வெட்டிய 40 சென்ட்டைவிடப் பளிச்சென்று தெரியும். நிறத்தை, நிறமே இல்லாத டி முதல் மஞ்சள் கலந்த இசட் வரை தரம் பிரிக்கிறார்கள். மஞ்சள் தங்கத்தில் கட்டினால் எச், ஐ நிறமே வெள்ளையாகத்தான் தெரியும். தெளிவில் வி.எஸ். தரம் (உள்ளே மிகச் சிறிய குறைகள் மட்டும் இருப்பது) வெறும் கண்ணுக்குச் சுத்தம். நம் வீடுகளில் கரும்புள்ளியைத் தோஷம் என்று ஒதுக்குவார்கள், அதனால் லென்ஸில் ஒரு தடவை கரும்புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். 'இ.எஃப். வி.வி.எஸ்.' (இ, எஃப் நிறம், வி.எஸ்.ஸுக்கும் மேலான தெளிவு) என்று கடையில் மந்திரம்போல் சொல்வதற்குக் கூடுதல் விலை கொடுக்க மோதிரத்தில் அவசியமில்லை.

பாட்டி தோட்டின் பெருமையாக 'ப்ளூ ஜாகர்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபோன்டைன் என்ற சுரங்கத்திலிருந்து வந்த, நீல ஓட்டமுள்ள வெள்ளைக் கல்லுக்கு வந்த பெயர் அது. இன்று கடையில் சொல்கிற ப்ளூ ஜாகர் என்பது வியாபாரப் பெயர்தான். பரிசோதனைச் சான்றிதழில் அப்படியொரு தரம் கிடையாது. அந்தப் பெயருக்காகத் தனி விலை கேட்டால் சான்றிதழைக் கேளுங்கள்.

அடுத்தது ஆய்வக வைரம். கார்பனை மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து வளர்ப்பது ஒரு முறை, மீத்தேன் வாயுவிலிருந்து அடுக்கடுக்காகப் படியவைப்பது இன்னொரு முறை. முதல் முறையில் 1954இலேயே அமெரிக்காவில் வெற்றி கண்டுவிட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே ஒன்றிய அரசின் உதவியோடு ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இது போலி வைரம் கிடையாது. கடினம் 10, ஒளிவிலகல் அதே 2.42, வெறும் கண்ணால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விலை இயற்கை வைரத்தைவிட மிகக் குறைவு, சில வருடங்களாக இன்னும் சரிந்துகொண்டே வருகிறது. அதனால் திருப்பி விற்கும் நினைப்போடு இதை எடுக்காதீர்கள். வைரத்தின் ஜொலிப்பும் உறுதியும் வேண்டும், பணத்தை வேறு காரியத்துக்கு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் வாங்குகிறவருக்கும் போடுகிறவருக்கும் அது ஆய்வக வைரம் என்று தெரிந்திருக்க வேண்டும். மறைத்துக் கொடுத்து, பின்னால் ஒருநாள் கடையில் தெரியவந்து மனம் கசந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

மொய்சனைட் வேறு பொருள், சிலிக்கன் கார்பைடு. 1893இல் ஆன்ரி முவாசான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அரிசோனாவின் விண்கல் பள்ளத்துப் பாறையில் கண்டெடுத்தார், அவரே முதலில் வைரம் என்றுதான் நினைத்தார். கடையில் கிடைப்பது தொழிற்சாலையில் செய்தது. வைரத்தைவிட அதிகமாக வானவில் நிறம் காட்டும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது, எனக்குப் பெரிய கல்லாக இருந்தால் அது கொஞ்சம் கூச்சலாகத் தெரியும். வெப்பத்தை வைத்துச் சோதிக்கிற சாதாரண டெஸ்டர் மொய்சனைட்டுக்கும் வைரம் என்றே 'பீப்' அடிக்கும். ஆய்வக வைரத்தையும் இயற்கை வைரத்தையும் அது பிரிக்கவே பிரிக்காது. எனவே டெஸ்டர் சத்தத்தை நம்பிப் பணம் எடுத்து வைக்காதீர்கள்.

'அமெரிக்கன் டைமண்ட்' என்பது க்யூபிக் சிர்கோனியா. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் பல குடும்பங்கள் இதைப் பட்டை தீட்டிப் பிழைத்தார்கள், அழகான வேலைப்பாடு. தோட்டுக்கும் நெக்லஸுக்கும் சரி. தினசரி மோதிரத்தில் நாளடைவில் பட்டை மழுங்கும்.

இனி நிறக்கற்கள். என் மனசு இங்கேதான் இருக்கிறது. ஒரு நல்ல நிறக்கல் இன்னொன்றைப் போல இருக்காது, அதைப் போட்டிருக்கிறவளின் கல்லாகவே ஆகிவிடும். தினமும் போடுவதற்கு நான் வரிசைப்படுத்தினால் முதலில் குருந்த வகை: நீலம், மாணிக்கம், மஞ்சள் புஷ்பராகம், ரோஜா நிறம், பச்சை. அடுத்து ஸ்பினல். சிவப்பு, ரோஜா, ஊதா, சாம்பல் நீலம் என்று பல நிறங்களில் வரும், பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் (நிறமும் தெளிவும் கூட்டச் செய்கிற வேலை) செய்யாமலே அழகாக இருக்கும், கிரகப் பேச்சிலும் மாட்டாது. இத்தனை இருந்தும் நம் ஊரில் இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். மூன்றாவது அக்வாமரின், கவனமாகக் கட்டினால்.

நிறக்கல்லில் கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி: "இதுக்கு என்ன ட்ரீட்மென்ட் பண்ணியிருக்காங்க?" மாணிக்கத்தையும் நீலத்தையும் சூடேற்றி நிறம் கூட்டுவது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வழக்கம், அது நிலைக்கும். கண்ணாடி நிரப்பியது நிலைக்காது. எலுமிச்சைக்கு மட்டும் பயந்தால் போதாது, மோதிர அளவை மாற்ற ஆசாரி நெருப்பு காட்டினாலே கல் பாழாகும். சூடேற்றாத கல் என்று சொல்லி அதிக விலை கேட்டால் அதைச் சான்றிதழில் காட்டச் சொல்லுங்கள்.

நம் பக்கத்து மண்ணிலேயே கல் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காங்கேயம் அருகே படியூரில் பழங்காலத்திலேயே பெரில் வகைக் கல் எடுத்தார்கள், அக்வாமரினும் மரகதமும் பெரில் குடும்பம்தான். நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் சிவப்புக் குருந்தம் பாறையோடு கிடக்கிறது. சந்திரயானுக்கு நிலவு மண்போலச் செய்து பார்க்க இஸ்ரோ பாறை எடுத்ததும் அந்த ஊரிலிருந்துதான். இதையெல்லாம் கேட்டால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் "நம்ம மண்ணுக் கல்லுங்க, காட்டுல கிடைச்சது" என்று யாராவது காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினால், பரிசோதனைக்கு அனுப்பாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

5. கடைக்குப் போகும் நாள்

இப்போது கடை. ஐந்து ரோடு, ஓமலூர் மெயின் ரோடு பக்கம் பெரிய ஷோரூம்கள், கடைவீதிப் பக்கம் தலைமுறையாக நடத்துகிற கடைகள், தெரிந்த ஆசாரியிடம் செய்யக் கொடுப்பது, மூன்று வழி இருக்கிறது. முதல்முறை எடுப்பவர்கள் சான்றிதழோடு கல்லைக் கடையில் வாங்கிவிட்டு, வேலையை ஆசாரியிடம் கொடுக்கலாம். நிறக்கல் மோதிரத்துக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். மூன்று வார அவகாசம் கொடுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நெரிசலில் இன்னும் கூட ஆகும். ஆவணியில் நிச்சயம் என்றால் ஆடியிலேயே பார்க்க ஆரம்பிக்கலாம். ஆடியில் நகை எடுக்க யோசிக்கிற பெரியவர்கள்கூட ஆடிப்பெருக்கு அன்று எடுப்பதற்கு மறுப்பு சொல்வதில்லை.

பகல் பதினொரு மணிக்குப் போங்கள். ஷோரூம் விளக்கில் கண்ணாடித் துண்டும் மின்னும். பிடித்த கல்லை வாசல் பக்கம் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், விட மாட்டேன் என்றால் அங்கே எடுக்காதீர்கள். நீலமும் பச்சையும் நிழலில் கறுத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் கேளுங்கள். வைரத்தின் விளிம்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால் அது சான்றிதழ் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற கல் பரிசோதனை நிறுவனங்களின் சான்றிதழ் எண்ணை அவர்கள் இணையதளத்தில் அங்கேயே போனில் போட்டுப் பார்த்துவிடலாம். கடை தானே அச்சடித்துக் கொடுக்கிற அட்டை சான்றிதழாகாது.

அன்றே எடுத்துவிடாதீர்கள். விலையை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

6. விரல் அளவு

சேலத்து வெயிலில் விரல் உப்பும், ஏற்காட்டுக் குளிரில் சுருங்கும். மதியத்துக்கு மேல் ஒருமுறை, காலையில் ஒருமுறை என்று இரண்டு நாள் அளவெடுத்து நடுவில் வையுங்கள். மோதிரம் விரல் முட்டியைச் சற்று அழுத்தித் தாண்ட வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க ஏற்காட்டுக்குப் போனவன், ஏரிக்கரையில் கை கழுவும்போது மோதிரத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தான். நல்ல வேளை, அது வெறும் தங்கம். இணையத்தில் பார்க்கிற அமெரிக்க அளவு எண்ணும் நம் கடை எண்ணும் வேறு, ஆகவே உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள்.

7. பில்

அக்கா மோதிரத்தில் நாங்கள் தோற்ற இடம் இது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

மொத்த எடை, கல் எடை, கழித்து வரும் தங்கத்தின் நிகர எடை என மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். 4 கேரட் நிறக்கல் 0.8 கிராம், அதாவது ஒரு பவுனில் பத்தில் ஒரு பங்கு. அதைக் கழிக்காமல் போட்டால் கல்லுக்கும் விலை கொடுத்து, அதே கல்லைத் தங்க விலைக்கும் வாங்கியவர்களாகிவிடுவீர்கள்.

தங்கத்தில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22கே916 அல்லது 18கே750 போன்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த, அந்த நகைக்கே உரிய ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாயம் இல்லை. ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்குத்தான். கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

கல்லுக்கு எழுத வேண்டியவை: பெயர், இயற்கையா ஆய்வகத்தில் வளர்ந்ததா, எண்ணிக்கை, கேரட் எடை, செய்திருக்கிற சிகிச்சை, சான்றிதழ் எண். 'டைமண்ட்' என்று மட்டும் எழுதினால் 'இயற்கை' என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பணம் உங்களுடையது. திருப்பிக் கொடுத்தால் எத்தனை சதவீதம், ரொக்கமா வேறு நகையா என்பதும் எழுத்தில் வேண்டும். "எப்ப வேணா வாங்க, நாம பாத்துக்கலாம்" என்பது வாக்குறுதியாகாது.

தம்பி கடைசியில் எடுத்தது பச்சை சஃபையர், 18 கேரட் தங்கத்தில் தாழ்வான பெசல், சித்தியின் ஆசைக்கு இரண்டு பக்கமும் 3 சென்ட்டில் ஒவ்வொரு இயற்கை வைரம். பில்லில் கல்லின் விவரம் மட்டும் நாலு வரி இருந்தது. அந்தப் பெண் ட்யூட்டியிலும் அதைப் போட்டுக்கொள்கிறாளாம்.

8. எடுத்த பிறகு

நலங்கு, மஞ்சள் பூசுதல் அன்று மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். முத்து போன்ற மிருதுவான கல்லில் மஞ்சள் கறை ஏறினால் போகாது. வைரம் எண்ணெய்ப் பசையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு ஒரு வாரம் போட்டிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த வைரமும் மங்கலாகத்தான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல், குழந்தைப் பல் பிரஷ், கல்லின் அடிப்பக்கம் நன்றாகத் தேய்ப்பு, இவ்வளவு போதும். தேய்ப்பதற்கு முன்னால் வாஷ்பேசின் ஓட்டையை அடைத்துக்கொள்ளுங்கள். மரகதத்தையும் கண்ணாடி நிரப்பிய கல்லையும் கடையில் மெஷினில் போட்டுக் கழுவ விடாதீர்கள். வைர மோதிரத்தை மற்ற நகைகளோடு ஒரே டப்பாவில் போட்டால் எல்லாவற்றையும் கீறிவிடும், தனியாகச் சின்னத் துணிப்பையில் வையுங்கள்.

மாதம் ஒருமுறை மோதிரத்தைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். சன்னமாகக் கிலுகிலுவென்று சத்தம் வந்தால் கல் ஆடுகிறது. அன்றைக்கே கழற்றி, டப்பாவில் போட்டு, ஆசாரியிடம் கொண்டுபோங்கள்.